சிசேரியனுக்குப் பிறகு வயிற்றில் போடும் மரப்பு ஊசி: எந்த வலி போகும், எது போகாது?

கேள்வி: எனக்கு வயது 31. இன்னும் மூன்று வாரத்தில் இரண்டாவது சிசேரியன். முதல் தடவை முதுகில் ஊசி போட்டுத்தான் செய்தார்கள். ஆபரேஷன் நடக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. முடிந்ததும் மூக்கு, முகமெல்லாம் ஒரே அரிப்பு. இரண்டு மூன்று மணி நேரத்தில் அது நின்றது. அதற்குப் பிறகு பிடித்த வலி மறுநாள் காலைவரை விடவில்லை. திரும்பிப் படுக்க முடியவில்லை, குழந்தையை எடுத்துப் பாலூட்டவும் முடியவில்லை. இந்தத் தடவை வயிற்றின் இரண்டு பக்கமும் ‘டேப் பிளாக்’ போடலாம் என்கிறார் மயக்க மருந்து டாக்டர். என் அண்ணிக்கு அதே ஊசி போட்டும் ஒரு பக்கம் வேலை செய்யவில்லையாம். எழுந்து நின்றபோது கால் மடங்கி விழப் பார்த்ததாகவும் சொல்கிறார். இந்த ஊசி போட்டால் வலியே இருக்காதா? மருந்து தாய்ப்பாலில் கலக்குமா? பின்னாளில் இடுப்பு வலி வருமா? கர்ப்பத்துக்கு முன் என் எடை 52 கிலோ, இப்போது 64. சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லை.

பதில்: டேப் பிளாக் வேண்டுமா என்று முடிவு செய்வதற்கு முன் உங்கள் டாக்டரிடம் ஒன்றைக் கேளுங்கள்: “முதுகில் போடும் ஊசியில் இந்தத் தடவை மார்ஃபின் சேர்ப்பீர்களா?” வயிற்று ஊசியால் உங்களுக்குப் பெரிய பலன் கிடைக்குமா, பேருக்கு ஒரு பலன்தானா என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

முதல் சிசேரியனைப் பற்றி நீங்கள் எழுதியதிலேயே ஒரு துப்பு கிடைக்கிறது. முதுகு ஊசியில் முக்கிய மருந்து பியூபிவகைன். 0.5 சதவீதக் கரைசலில் ஏறத்தாழ 2 மி.லி., அதாவது 10 மி.கி. அளவில் போடுவார்கள். மார்புக்குக் கீழே மரக்கச் செய்வது இதுதான். இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் இதன் வேலை முடிந்துவிடும். கூடவே 10 முதல் 25 மைக்ரோகிராம் ஃபென்டனில் சேர்ப்பது வழக்கம். கருப்பையை இழுத்துத் தைக்கும்போது வரும் சங்கடத்தை அது குறைக்கும், ஆனால் அதன் ஆயுளும் சில மணி நேரம்தான். மூன்றாவதாகச் சேர்க்கக்கூடியது மார்ஃபின். 100 மைக்ரோகிராம் அளவுக்குப் போட்டால் போதும், மெதுவாகத் தொடங்கி 12 முதல் 24 மணி நேரம்வரை வலியைப் பிடித்து வைக்கும். அரிப்பு ஃபென்டனிலாலும் வரும், மார்ஃபினாலும் வரும். மார்ஃபினால் வந்த அரிப்பு இரண்டு மூன்று மணியில் போய்விடாது, பாதி நாளாவது இழுக்கும். உங்களுக்கு அரிப்பு சீக்கிரம் நின்றிருக்கிறது. அது நின்ற கையோடு வலி பிடித்திருக்கிறது. ஃபென்டனில் மட்டும் போட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். பழைய டிஸ்சார்ஜ் காகிதங்களைப் புரட்டிப் பாருங்கள். மயக்க மருந்துக் குறிப்பின் நகல் இருந்தால் அதில் மருந்தின் பெயரும் அளவும் எழுதியிருக்கும். இல்லையென்றால் அந்த மருத்துவமனையில் கேட்டு வாங்கலாம். இரண்டாவது ஆபரேஷனுக்கு அந்த ஒரு தாள் மிகவும் உதவும்.

மார்ஃபின் முறையாகப் போடப்பட்டவருக்கு அதன் மேல் டேப் பிளாக்கும் போட்டால் கூடுதல் பலன் மிகக் குறைவு. ஒவ்வொரு அறுவை சிகிச்சைக்கும் தனித்தனியாக வலி நிவாரணப் பரிந்துரை தரும் ‘ப்ராஸ்பெக்ட்’ குழு 2021இல் சிசேரியனுக்கு வெளியிட்ட பரிந்துரையும் இதையே சொல்கிறது. முதுகு ஊசியில் மார்ஃபின் முதல் தேர்வு, அது போடப்படாதவர்களுக்கு வயிற்றுச் சுவர் பிளாக் அல்லது தையல் ஓரத்தில் மரப்பு மருந்து. முழு மயக்கத்தில் சிசேரியன் செய்தவர்களுக்குத்தான் இந்த பிளாக் மிக அதிகமாகக் கைகொடுக்கும், ஏனென்றால் அவர்கள் கண் விழிக்கும்போதே வலியோடுதான் விழிப்பார்கள். மார்ஃபின் போட்டால் வாந்தி, அரிப்பு தாங்காதவர்களுக்கும், மார்ஃபின் போட்டும் வார்டில் வலி மீறிவிட்டவர்களுக்கு அவசர உதவியாகவும் இது பயன்படும்.

சில இடங்களில் மார்ஃபினைத் தவிர்ப்பதற்கும் நியாயமான காரணம் இருக்கிறது. முதுகுத் தண்டைச் சுற்றியுள்ள நீரில் போடும் மார்ஃபின், கெடாமலிருக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் கலக்காததாக இருக்க வேண்டும், சாதாரண ஆம்பியூல் ஆகாது. போட்ட பிறகு ஒரு நாள்வரை மூச்சு விடும் வேகத்தையும் தூக்கக் கலக்கத்தையும் நர்ஸ் குறித்த இடைவெளியில் பார்த்து எழுத வேண்டும். இந்த இரண்டுக்கும் வசதி இல்லாத இடத்தில் அதை வற்புறுத்த வேண்டாம். வசதி இருக்கிறது, ஆனால் அரிப்புக்குப் பயந்து வேண்டாம் என்கிறீர்கள் என்றால், அது கொஞ்சம் அவசர முடிவு. 100 மைக்ரோகிராமுக்கு மேல் ஏற்ற ஏற்ற வலி நிவாரணம் பெரிதாகக் கூடுவதில்லை, அரிப்பும் வாந்தியும்தான் கூடும். அளவைக் குறைவாக வைக்கச் சொல்லலாம். அரித்தால் நால்புஃபின் என்ற மருந்தை 2.5 முதல் 5 மி.கி. நரம்பு வழியாகக் கொடுத்தால் அடங்கும், வலி நிவாரணமும் போகாது. இந்த அரிப்பு ஒவ்வாமையால் வருவதில்லை. அதனால் அலர்ஜி மாத்திரை கொடுத்தால் தூக்கம் வரும், அரிப்பு நிற்காது.

சரி, மார்ஃபின் இல்லை, பிளாக்தான் என்று வைத்துக்கொள்வோம். வலி இருக்குமா, இருக்காதா?

சிசேரியனுக்குப் பிறகு உங்களுக்கு வருவது இரண்டு வலி. ஒன்று வெட்டுப்பட்ட இடத்தின் வலி. தோல், கொழுப்பு, தசையுறை இவற்றிலிருந்து வருவது, இருமினால், தும்மினால், புரண்டால், எழுந்தால் சுரீர் என்று குத்தும். இடம் காட்டிச் சொல்லலாம். மற்றொன்று கருப்பை சுருங்கும் வலி. அடிவயிற்றில் முறுக்கிப் பிசைந்து இடுப்புக்குப் பின்னால் இறங்கும். குழந்தை பால் குடிக்கும்போது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரப்பதால் அது தூண்டப்படும். முதல் பிரசவத்தைவிட இரண்டாவதில் கூடுதலாகவே இருக்கும். டேப் பிளாக் முதல் வலியை மட்டும்தான் தொடும். ஊசி மருந்து வயிற்றுச் சுவரின் நரம்புகளைச் சுற்றி நிற்கிறது. கருப்பையிலிருந்து வலியைக் கொண்டுபோகும் நரம்புகள் வேறு பாதையில், முதுகெலும்பின் ஓரமாகப் போகின்றன. ‘பிளாக் போட்டும் வலிக்கிறது’ என்று சொல்பவர்களில் பலருக்கு ஊசி சரியாகவே வேலை செய்திருக்கும், மிச்சமிருப்பது கருப்பை வலி. பால் கொடுக்கும்போது மட்டும் வலி ஏறுகிறதா, திரும்பும்போது ஏறுகிறதா என்று பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். நர்ஸிடம் சொல்லும்போதும் ‘வலிக்கிறது’ என்று பொதுவாகச் சொல்லாமல் எந்த வலி என்று பிரித்துச் சொல்லுங்கள், கொடுக்க வேண்டிய மருந்து மாறும்.

இனி ஊசி எப்படிப் போடப்படுகிறது என்று பார்ப்போம். வயிற்றின் பக்கச் சுவரில் மூன்று தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. வெளியே வெளிச் சாய்தசை, நடுவில் உட்சாய்தசை, அடியில் மெல்லிய குறுக்குத்தசை. அதற்கும் உள்ளே பெரிட்டோனியம் என்கிற உறை, அப்புறம் குடல். நடுத்தசைக்கும் அடித்தசைக்கும் இடையிலுள்ள மெல்லிய தளத்தில்தான் மார்புப் பகுதியின் 10, 11, 12ஆவது நரம்புகளும், இடுப்புப் பகுதியின் முதல் நரம்பின் கிளைகளும் முன்பக்கம் வருகின்றன. அந்தத் தளத்தில் மருந்தைப் பரப்புவதே டேப் பிளாக். 2001இல் ரஃபி என்ற மருத்துவர் இதை முதலில் விவரித்தபோது அல்ட்ராசவுண்ட் பயன்படுத்தவில்லை. இடுப்பெலும்புக்கு மேலே உள்ள ஒரு சிறு முக்கோண இடத்தைத் தடவிப் பார்த்து, ஊசி உறையைத் துளைக்கும்போது கையில் உணரும் ‘டக்’கை வைத்து ஆழத்தைக் கணித்தார்கள். பிரசவித்தவரின் தளர்ந்த, நீர் கோத்த வயிற்றுச் சுவரில் அந்த ‘டக்’கை நம்ப முடியாது. கையால் தடவிப் போட்ட ஊசி கல்லீரலில் பட்டதாகவும் பதிவுகள் உண்டு. இப்போது அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடுவதுதான் முறை. தையல் போடும் முன்பு அறுவை மருத்துவரே உள்ளிருந்து கண்ணால் பார்த்துப் போடும் வழியும் இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்து கட்டுப் போட்டதும், முதுகு ஊசியின் மரப்பு இருக்கும்போதே இதைச் செய்வார்கள். அதனால் குத்துவது உங்களுக்குத் தெரியாது. விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, அக்குளிலிருந்து நேர்கீழே இறங்கும் கோட்டில் அல்ட்ராசவுண்டின் ப்ரோபை, அதாவது உடலில் வைத்துப் பார்க்கும் கருவியைக் குறுக்காக வைப்பார்கள். திரையில் மூன்று கறுப்புப் பட்டைகள் வெள்ளைக் கோடுகளால் பிரிந்து தெரியும். நடுப்பட்டைதான் பெரும்பாலும் தடிமனாக இருக்கும், அடிப்பட்டை மெலிந்து சற்றுக் கறுத்திருக்கும். அதற்குக் கீழே குடல் புழுப்போல் அசைவதும் தெரியும். 80 முதல் 100 மி.மீ. நீளமுள்ள, நுனி மழுங்கிய ஊசியை முன்பக்கமிருந்து பின்பக்கமாக, முழு நீளமும் திரையில் தெரியும்படி நகர்த்துவார்கள். தளத்தை எட்டிவிட்டோம் என்று தோன்றும்போது 1 அல்லது 2 மி.லி. உப்பு நீரைச் செலுத்திப் பார்ப்பார்கள். இரண்டு தசைகளும் பிரிந்து நடுவில் கண் வடிவத்தில் ஒரு கறுப்புக் குளம் திறந்தால் இடம் சரி. தசைக்குள்ளேயே கொழகொழவென்று ஊறினால் இடம் தப்பு, ஊசியை ஒரு மி.மீ. முன்னே தள்ளவோ பின்னே இழுக்கவோ வேண்டும். இடம் சரியான பிறகு ஒவ்வொரு 3 முதல் 5 மி.லி.க்கும் ஒரு முறை சிரிஞ்சை இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்துப் பார்த்து, பக்கத்துக்கு 15 முதல் 20 மி.லி. செலுத்துவார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து பத்து நிமிட வேலை. உங்கள் பழைய தழும்பு இதற்கு இடைஞ்சல் இல்லை, ஊசி போடும் இடம் அதைவிட்டு வெகுதூரம் பக்கவாட்டில் இருக்கிறது.

உங்கள் அண்ணிக்கு ஒரு பக்கம் வேலை செய்யாதது அரிய விஷயம் அல்ல. காரணங்கள் சில. மருந்து தளத்தில் பரவாமல் தசைக்குள் தங்கிவிடுவது முதல் காரணம். இரண்டாவது, ஊசியை மிகவும் முன்னால் போடுவது. வயிற்றின் பக்கவாட்டுத் தோலுக்குப் போகும் கிளைகள் அதற்கு முன்பே பிரிந்து போயிருக்கும். மூன்றாவது, நான் அதிகம் சந்தேகப்படுவது: பிகினி வெட்டு என்று சொல்லும் குறுக்கு வெட்டின் பெரும்பகுதி இடுப்புப் பகுதியின் முதல் நரம்பின் எல்லையில் வருகிறது. அந்த நரம்பு இந்தத் தளத்துக்குள் நுழையும் இடம் ஆளுக்கு ஆள் மாறும். பக்கவாட்டில் போட்ட மருந்து சிலருக்கு அதை எட்டாது. தொப்புளுக்குக் கீழே தோல் நன்றாக மரத்திருக்கும், ஆனால் தையலின் ஒரு முனையில், கவட்டைப் பக்கம், எரிச்சல் இருந்துகொண்டே இருக்கும். இன்னொரு சிக்கல், போட்ட உடனே சோதித்துப் பார்க்க வழியில்லை. முதுகு ஊசி இறங்கும்வரை எல்லாமே மரப்புத்தான். நான்கு மணி நேரம் கழித்து ஐஸ் துண்டையோ ஸ்பிரிட் நனைத்த பஞ்சையோ இரண்டு பக்க வயிற்றிலும், அப்புறம் தோளிலும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தோளில் தெரிகிற குளிர்ச்சி வயிற்றில் தெரியாவிட்டால் அந்தப் பக்கம் பிளாக் வேலை செய்கிறது. ஒரு பக்கம் தப்பியிருந்தால், முதலில் போட்ட மருந்தின் அளவையும் நேரத்தையும் கணக்கிட்டு அந்தப் பக்கம் மட்டும் மறுபடி போடலாமா என்று டாக்டர் முடிவு செய்வார்.

கால் மடங்கிய கதையும் நம்பத் தகுந்ததே. மருந்து ஒரு தளம் ஆழமாக, குறுக்குத்தசைக்கும் அடியில் போய்விட்டால், அங்கிருந்து தசையுறை வழியே கீழே வழிந்து தொடையின் முன்பக்க நரம்பைச் சுற்றிக்கொள்ளும். முழங்காலை நீட்டி நிறுத்தும் தசைக்குக் கட்டளை போவது அந்த நரம்பு வழியாகத்தான். படுத்திருக்கும்போது ஒன்றும் தெரியாது, எழுந்து நின்று எடையை ஏற்றியதும் முழங்கால் மடங்கிவிடும். மருந்து இறங்கினால் தானாகச் சரியாகும், நரம்பு பழுதாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் கையில் குழந்தையோடு விழுந்தால் விளைவு வேறு. முதல் தடவை எழுவதற்கு முன் படுத்தபடியே முழங்காலை மடக்காமல் ஒவ்வொரு காலையும் தனித்தனியாகத் தூக்கிப் பாருங்கள். ஒரு கால் எழாவிட்டாலோ, தொடையின் முன்பக்கம் மட்டும் மரத்திருந்தாலோ, எழ வேண்டாம், சொல்லிவிடுங்கள். இரண்டும் எழுந்தால் கட்டிலோரம் கால் தொங்கப் போட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து, ஆள் பிடித்திருக்க, குழந்தை இல்லாமல் நில்லுங்கள்.

அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், உங்களைப் போன்ற மெலிந்த உடல்வாகுக்கு இது முக்கியம். பிளாக்குக்கும் இதே பியூபிவகைனையோ, அதே வகை மரப்பு மருந்தான ரோபிவகைனையோதான் போடுவார்கள். பியூபிவகைனுக்குப் பொதுவாக வைத்துக்கொள்ளும் எல்லை கிலோவுக்கு 2 மி.கி. ரோபிவகைனுக்கு 3 மி.கி. இந்தக் கணக்கை இப்போதைய 64 கிலோவை வைத்துப் போடக் கூடாது, கூடிய எடையில் குழந்தையும் நீரும் அடக்கம். 52 கிலோவை வைத்துப் போட்டால் பியூபிவகைன் 104 மி.கி. 0.25 சதவீதக் கரைசலில் 1 மி.லி.க்கு 2.5 மி.கி. இருக்கும். பக்கத்துக்கு 20 மி.லி. என்றால் மொத்தம் 40 மி.லி., 100 மி.கி. எல்லைக்கோட்டை உரசிக்கொண்டு நிற்கிறது. பக்கத்துக்கு 15 மி.லி. என்றால் 75 மி.கி., நிம்மதி. இங்கே நடக்கக்கூடிய பிழை ஒன்று இருக்கிறது. அறுவை மருத்துவர் நல்லெண்ணத்தோடு தையல் ஓரத்தில் 20 மி.லி. மரப்பு மருந்தைப் போட்டுவிடுவார். அதை அறியாமல் மயக்க மருந்து டாக்டர் முழு அளவு பிளாக்கும் போடுவார். 50 மி.கி.யும் 100 மி.கி.யும் சேர்ந்து 150 ஆகிவிடும். இரண்டில் ஒன்று போதும், அல்லது இரண்டுக்கும் சேர்த்து ஒரே கணக்கு வேண்டும். ‘தையலிலும் போடுவீர்களா, இதிலும் போடுவீர்களா’ என்று முன்கூட்டியே கேட்பதில் தப்பில்லை. இன்னொரு பிழை, 0.5 சதவீத மருந்தைச் சம அளவு உப்பு நீரில் கலக்காமல் அப்படியே 40 மி.லி. இழுப்பது. அளவு இரட்டிப்பாகிவிடும். அதனால்தான் கலந்த சிரிஞ்சில் மருந்தின் பெயரும் சதவீதமும் எழுதிய லேபிள் ஒட்டுகிறார்கள். ரோபிவகைன் இருதயத்துக்குச் சற்றே குறைவான ஆபத்துள்ளது. இரண்டும் கிடைத்தால் எடை குறைந்தவருக்கு அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

எல்லை மீறினாலோ, மருந்து ரத்தக்குழாய்க்குள் போனாலோ என்ன ஆகும்? கர்ப்பகாலத்தில் உடலில் ரத்த ஓட்டம் கூடியிருக்கும், மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதமும் ரத்தத்தில் குறைந்திருக்கும், ஆகவே மற்றவர்களைவிடக் குறைந்த அளவிலேயே நஞ்சு அறிகுறி வரலாம். வாயில் உலோகச் சுவை, நாக்கும் உதடும் மரப்பது, காதில் ரீங்காரம், காரணமில்லாத பதற்றம், நா குழறுவது: இவை முன்னறிகுறிகள். கவனிக்காவிட்டால் வலிப்பு, இருதயத் துடிப்புக் கோளாறு. தசைத் தளத்திலிருந்து மருந்து மெல்ல ரத்தத்தில் ஏறுவதால், ஊசி போட்டு முக்கால் மணி நேரம்வரை மானிட்டரிலிருந்து கழற்றக் கூடாது. மாற்று மருந்து 20 சதவீதக் கொழுப்புக் குழம்பு, அதாவது லிப்பிட் எமல்ஷன். கிலோவுக்கு 1.5 மி.லி. வீதம் இரண்டு மூன்று நிமிடத்தில் செலுத்தி, பிறகு சொட்டாகத் தொடர்வார்கள். இது அரிதாக நேர்வதுதான். ஆனால் பிளாக் போடும் இடத்தில் அந்தப் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஊசி போட்ட பிறகு வாயில் வித்தியாசமான சுவை தெரிந்தால், ‘இதையெல்லாம் சொல்வதா’ என்று தயங்காதீர்கள்.

க்யூ.எல். பிளாக் என்று வேறொன்றையும் சொல்வார்கள், அதைப் பற்றி ஒரு வார்த்தை. ஊசியை இன்னும் பின்னால் கொண்டுபோய் இடுப்புச் சதுரத்தசையை ஒட்டிப் போடுவது. 2007இல் பிளாங்கோ என்ற மருத்துவர் இதை அறிமுகப்படுத்தினார். மருந்து முதுகெலும்பின் ஓரம்வரை பரவினால் கருப்பை வலியும் ஓரளவு குறையலாம் என்பது இதன் கவர்ச்சி. நடைமுறையில் எல்லோருக்கும் அப்படிப் பரவுவதில்லை. டேப்பைவிடச் சிறந்தது என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆய்வு முடிவுகளும் ஒத்துப்போகவில்லை. ஆபரேஷன் முடிந்த தாயை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், ஆழமான ஊசி, கால் பலவீனம் வரும் வாய்ப்பும் கூடுதல். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் வகை ஊசி போட்டிருந்தால் நேரம் பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஆழத்தில் ரத்தம் கசிந்தால் வெளியிலிருந்து அழுத்தி நிறுத்த முடியாது. டேப்பில் அந்தச் சிக்கல் குறைவு. கை பழகிய டாக்டர் போடும் டேப், பழகாதவர் போடும் க்யூ.எல்.லைவிட மேல்.

தாய்ப்பால் பற்றிய கவலையை விட்டுவிடலாம். பியூபிவகைனோ ரோபிவகைனோ பாலில் மிகச் சிறிதளவே சேர்கிறது. அந்தச் சிறிதளவும் குழந்தையின் குடலிலிருந்து ரத்தத்துக்குப் பெரிதாக ஏறுவதில்லை. பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டாம், நேரம் கணக்கிடவும் வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு மருந்து. கோடீன், டிரமடால் இரண்டையும் பாலூட்டும் தாய்மார்கள் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017இல் எச்சரித்தது. சிலரது உடல் இவற்றை மிக வேகமாக வீரியமான பொருளாக மாற்றிவிடும், அது பால் வழியாகப் போய்க் குழந்தையின் மூச்சை மந்தப்படுத்தலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் பாராசிட்டமாலோடு டிரமடால் சேர்ந்த மாத்திரை எழுதியிருந்தால் ‘பால் கொடுக்கிறேன், வேறு கொடுங்கள்’ என்று கேளுங்கள்.

பின்னாளில் இடுப்பு வலி வருமா என்பதற்குச் சுருக்கமான பதில்: டேப் பிளாக் முதுகெலும்பின் பக்கமே போவதில்லை. முதுகில் போடும் ஊசியால் குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். மாதக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலிக்கு அது காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டுகளும் குனிந்தே பாலூட்டும் வழக்கமும்தான் பெரும்பாலும் காரணம்.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். பிளாக்கைவிட இதைத்தான் நீங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். டேப் பிளாக் பெரும்பாலும் 8 முதல் 12 மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் நிற்கும். காலை 10 மணிக்குப் போட்டால் மாலை 6 மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம். அது இறங்கி, வலி ஏறி, நீங்கள் மணியடித்து, மாத்திரை வந்து, அது வேலை செய்ய முக்கால் மணி ஆகி... போன தடவை இரவு மறுபடி வந்துவிடும். வலி வந்த பிறகு மருந்து என்று இல்லாமல் முதல் இரண்டு மூன்று நாள் கடிகாரம் பார்த்து மருந்து. பாராசிட்டமால் 1 கிராம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போகாமல். 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு அளவு குறையும், நீங்கள் அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே இருக்கிறீர்கள், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு ஐபுப்ரோஃபென் 400 மி.கி. அல்லது டைக்ளோஃபெனாக் 50 மி.கி. எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. இரண்டில் ஒன்றுதான், இரண்டும் அல்ல. கருப்பை வலியை நன்றாக அடக்குவது இந்த வகைதான், ஏனென்றால் கருப்பையைச் சுருக்கி வலிக்கச் செய்யும் ப்ராஸ்டாகிளாண்டினை இவை தடுக்கின்றன. பிளாக் தொடாத வலியை மாத்திரை தொடுகிறது. பால் கொடுப்பதற்கு அரை மணி முன்பு விழும்படி நேரத்தை வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், ஆஸ்பிரினால் மூச்சு இரைப்பு வந்த வரலாறு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு இவை இருந்தால் இந்த வகை கூடாது. டாக்டருக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஆபரேஷன் மேசையிலேயே டெக்ஸாமெத்தசோன் ஒரு ஊசி போடுவதும் உண்டு. வாந்தியைத் தடுக்கும், வலியையும் கொஞ்சம் குறைக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது சர்க்கரையை ஏற்றிவிடும், உங்களுக்கு அந்தத் தடை இல்லை. மாத்திரை இரவில் தூங்கும்போது வந்தால் எழுப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு வேளை தவறியதுதான் பல பேருக்கு விடியற்காலை வலிக்குக் காரணம்.

இத்தனையும் செய்தும் வலி அதிகமானால் குறைந்த அளவில் வாய்வழி மார்ஃபின் போன்ற மருந்தைச் சில வேளை மட்டும் சேர்ப்பார்கள். பொறுத்துக்கொள்வது பெருமை அல்ல. முதல் நாளின் கடும் வலிக்கும், இரண்டு மாதம் கழித்து நீடிக்கும் வலிக்கும், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கும் தொடர்பு இருப்பதை 2008இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. வலி குறைந்தால் சீக்கிரம் எழுந்து நடப்பீர்கள், காலில் ரத்தம் உறையும் அபாயமும் குறையும்.

எந்த வலி சாதாரணமானது அல்ல என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வலி நாளுக்கு நாள் இறங்க வேண்டும். இறங்கிய வலி இரண்டு மூன்று நாளில் மறுபடி ஏறி, காய்ச்சலோ தையலில் சீழோ கெட்ட வாடையோ சேர்ந்தால் கிருமித் தொற்றைப் பார்க்க வேண்டும். முதல் நாளிலேயே பிளாக்கையும் மாத்திரையையும் மீறி வயிறு உப்பி வலித்து, நாடி வேகமாகி, தலைசுற்றினால், தோள்பட்டையிலும் வலி தெரிந்தால், அது உள்ளே ரத்தம் கசிவதாக இருக்கலாம். இன்னொரு மாத்திரைக்குக் காத்திருக்காமல் உடனே டாக்டரை வரச் சொல்லுங்கள். உட்கார்ந்தால் தலை வெடிப்பதுபோல் வலித்து, படுத்தால் குறைந்தால், அது முதுகு ஊசியால் வந்த தலைவலி, மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே காட்டுங்கள். மூன்று மாதம் ஆகியும் தையலின் ஒரு முனையில் விரல் நுனியால் காட்டக்கூடிய ஓர் இடத்தில் சுருக்கென்று குத்தி, கவட்டைக்குள் மின்சாரம்போல் இறங்கினால், தழும்பில் நரம்பு சிக்கியிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கவும் இதே மரப்பு ஊசிதான் உதவும். அந்த நரம்பைச் சுற்றிக் கொஞ்சம் மருந்து போட்டதும் வலி மறைந்தால் காரணம் உறுதி. வலி சிகிச்சைப் பிரிவில் அதற்கு மருத்துவம் இருக்கிறது.